டார்கஸ் தூக்கிய கை

டார்கஸ் ஃபாசெட் கவுன்சிலராகி முதல் கூட்டத்துக்கு வந்த நாளில் முன்வாசல் வழியாக வரவில்லை. மழையில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, நிலக்கரி கொட்டிவைக்கும் கொல்லைப்புறம் வழியாகச் சேற்றுக் காலோடு வந்து நின்றார். நான் அந்த அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கூட்டத்துக்குத் தேநீர் போட வந்தவர் என்று நினைத்து, சமையலறை இருக்கும் பக்கம் கைகாட்டினேன்.

"சமையல்காரிதாம்மா நான்," என்றார். "ஆனா இன்னைக்கு நாற்காலியில உக்கார வந்திருக்கேன்."

அவர் ஏன் முன்வாசலைத் தவிர்த்தார் என்பது அவருடைய ஊரான கோட்கில்லுக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகுதான் புரிந்தது. எங்கள் கவுன்சில் கூடிய கட்டடம் முன்பு ஏழைகள் விடுதி. உழைக்க முடியாமல் போனவர்களைக் கொண்டுபோய் அடைக்கும் இடம். விக்டோரியா ராணியின் காலத்துக் கடைசியில், சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் ஒன்றுசேர்த்து எல்டர்பெக் ஊரக மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். புதிதாகக் கட்டடம் கட்ட மனமில்லை. விடுதி நிர்வாகிகள் உட்கார்ந்த அதே அறையில், அதே மேசையைச் சுற்றி, கவுன்சிலும் உட்கார்ந்தது. டார்கஸின் பெரியம்மா ஒருத்தி அந்த முன்வாசல் வழியாக உள்ளே போனவள். அவள் வெளியே வந்தது சவப்பெட்டியில். அப்படிப் போனவர்கள் ஊரில் பல வீட்டிலும் உண்டு. அதனால் கோட்கில் ஆட்கள் எல்டர்பெக் சந்தைக்குப் போனாலும் அந்தக் கட்டடம் இருக்கும் பக்கத்து நடைபாதையில் நடக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்குத் தானே தேர்தலில் நின்று ஜெயித்து வந்திருந்தார் டார்கஸ். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. கல்குவாரித் தூசியைச் சுவாசித்தே அவருடைய கணவர் ஜோ இறந்துபோயிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தார் டார்கஸ். குட்டையான, அகன்ற உடம்பு. குரல் மட்டும் மெல்லியது. காது கேளாத கிழவர்கள் நிறைந்த எங்கள் கவுன்சிலில் அது பெரிய குறை.

அவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் தண்ணீர்.

கோட்கில் மலைச்சரிவில் உள்ள ஊர். கீழ்த்தெருக்காரர்களுக்கு ஒரே கிணறு. அதற்கு மேலே ஒரு பண்ணையின் மாட்டுக்கொட்டகை. மழை பெய்தால் கொட்டகைச் சாணமெல்லாம் எந்தப் பக்கம் இறங்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்து நாலில் வந்த வறட்சியில் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. கலங்கலைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். அந்தக் கோடையில் டைபாய்டு காய்ச்சல் வந்தது. டார்கஸுக்கு ஒரே மகள், ஐவி என்று பெயர். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே அந்தக் காய்ச்சலில் போய்விட்டாள்.

டார்கஸ் இதை மேடையிலோ கூட்டத்திலோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஓட்டுக் கேட்டு வீடுவீடாகப் போனபோதும் சொல்லவில்லை. "குழாய் வரணும்" என்று மட்டும் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்ததை அவர் எதற்காகச் சொல்ல வேண்டும்?

கவுன்சில் தலைவர் வில்ஃப்ரட் டெம்பெஸ்ட். பரம்பரை நிலக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னைப் போன்ற தட்டச்சுப் பெண் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். ஆனால் வரி ஏறும் என்று யாராவது வாயெடுத்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். கோட்கில் தண்ணீர்த் திட்டம் பேச்சுக்கு வரும்போதெல்லாம், பொறியாளரின் கருத்தைக் கேட்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பார். டார்கஸ் வாதாடத் தெரிந்தவர் இல்லை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மெதுவாக எழுந்து, "கோட்கில் தண்ணி என்னாச்சுங்க?" என்று கேட்பார். மற்ற கவுன்சிலர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். ஒருவர் சிரிப்பார், ஒருவர் பெருமூச்சு விடுவார். டார்கஸ் பதில் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார். வருஷக்கணக்கில் இப்படி நடந்தது. கடைசியில், அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காகவே அவர்கள் திட்டம் போட்டார்கள் என்று நான் சொன்னால் மிகையில்லை.

திட்டம் வந்தது. ஆனால் அதன் வாலில் ஒரு கொடுக்கு இருந்தது.

கோட்கில்லில் இரண்டு வரிசை வீடுகள். கீழ்த்தெரு ஒன்று. அதற்கு மேலே, செங்குத்தான பாதையில் ஏறிப் போனால் மேல்வரிசை. ஈயச் சுரங்கம் நடந்த காலத்தில் சுரங்கத்து ஆட்கள் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட ஏழு வீடுகள். புதிய குழாயில் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறாது, ஏற்ற வேண்டுமானால் இயந்திரம் வைக்க வேண்டும், அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றார் பொறியாளர். அந்த வீடுகளின் சுவரில் ஈரம் ஊறியிருந்தது, கூரை தொய்ந்திருந்தது, சாக்கடை இல்லை. டெம்பெஸ்டும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். கீழ்த்தெருவுக்குக் குழாய், கூடவே அடிவாரத்தில் கவுன்சிலே கட்டி வாடகைக்கு விடும் புதிய வீடுகள், மேல்வரிசை குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்து மூடிவிடுவது. மூன்றும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது.

மேல்வரிசையின் கடைசி வீட்டில் இருந்தவர் ரூபன் கோட்ஸ். டார்கஸின் அண்ணன். அவர்கள் இருவரும் பிறந்த வீடே அதுதான்.

ரூபன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். கொஞ்சம் ஆடு, கொஞ்சம் மேய்ச்சல் நிலம், நிறைய வாய். தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்ப்பார். தங்கை கவுன்சிலரானதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் "எங்க வீட்டுல ஒருத்தி ஏழைகள் விடுதிக்குத் தானா நடந்து போறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மேல்வரிசைக்குப் பின்னால், பழைய சுரங்க வாயிலிருந்து ஒரு ஊற்று வந்தது. விரல் பருமன் இருக்கும். ஏழு வீட்டுக்குப் போதும், ஊருக்குப் போதாது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் வேறு தண்ணீர் பிடிக்காது என்பார் ரூபன்.

தீர்மானம் ஓட்டுக்கு வரும் கூட்டத்துக்கு முன்பு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை டார்கஸ் மேலே ஏறி அண்ணனுக்குச் சமைத்துக் கொடுப்பார். அந்த இரண்டு வாரமும் அவர் போகவில்லை. முதல் வாரம் கால்வலி என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் வாரம் எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் நடந்த பிற்பகலில் குறிப்பெடுக்க என்னை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. எதிர்ப்பவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தார்கள். பாதிப்பேருக்கு வரிக் கவலை, மீதிப்பேருக்கு டெம்பெஸ்டைப் பிடிக்காது. மீதமிருந்தது டார்கஸின் ஓட்டு மட்டும், எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் ஃபாசெட், உங்களுக்கு யோசிக்க நேரம் வேணும்னா இதைத் தள்ளி வைக்கலாம்," என்றார் டெம்பெஸ்ட். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

தள்ளி வைப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் டார்கஸின் கை மேலே போனது. தோளுக்குமேல், நேராக. இறக்குங்கள் என்று தலைவர் சொன்ன பிறகும் சிறிது நேரம் அப்படியே இருந்தது.

மேல்வரிசைக்காரர்களுக்கான அறிவிப்புகளை நான்தான் தட்டச்சு செய்தேன். சுகாதார ஆய்வாளர் ஹார்ஸ்ஃபால் அவற்றை எடுத்துக்கொண்டு மறுநாளே சைக்கிளைத் தள்ளியபடி மலையேறினார். ரூபன் வேலியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாராம். தாளை வாங்கிப் படித்துவிட்டு, யார் யார் கை தூக்கினார்கள் என்று கேட்டிருக்கிறார். ஹார்ஸ்ஃபால் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பேசாமலிருப்பது ஒரு கலை. சத்தம் இராது, பழி சொல்வது இராது. ஒரே தேவாலயத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள். மேல்வரிசை ஆட்களெல்லாம் அடிவாரத்துக் கவுன்சில் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் என் கணவருக்கும் அதில் ஒரு வீடு கிடைத்தது. எங்களுக்கு வலப்பக்கம், கீழ்த்தெருவிலிருந்து மாறி வந்த டார்கஸ். தெருவின் மறுகோடியில் ரூபன். தெருவுக்கு டெம்பெஸ்ட் பெயரையே வைத்துத் தொலைத்தார்கள். தபால்காரர் விலாசம் சரிபார்த்தால், "ஆமா, அந்த இருமல்காரன் தெருதான்" என்பார் ரூபன். அந்தப் பெயரை ஒரு தடவையும் அவர் வாயால் சொல்லவில்லை.

குழாய் திறந்த நாளில் எல்டர்பெக்கிலிருந்து பித்தளை வாத்தியக் குழு வந்தது. டெம்பெஸ்ட் பேசினார். டார்கஸைப் பேசச் சொன்னார்கள். அடுப்பில் ரொட்டி வைத்திருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கிண்ணம் சர்க்கரை இரவல் கேட்டு நான் பின்கதவைத் திறந்தபோது அடுப்பு எரியவில்லை. குழாயடியில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்து, புதுத் தண்ணீரில் ருசியே இல்லை என்று குறைபட்டார்.

"அதுதான் நல்ல தண்ணி," என்றார் டார்கஸ், திரும்பிப் பார்க்காமல்.

மேல்வரிசையில் யாரும் திரும்பக் குடியேறிவிடக் கூடாதென்று கவுன்சில் ஆட்கள் கூரைக் கற்பலகைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். ரூபனின் ஆடுகள் மட்டும் அங்கேயே மேய்ந்தன. தினமும் காலையில் அவர் மலையேறிப் போவார். ஊற்றைச் சுற்றிச் சேர்ந்த பாசியையும் இலையையும் அள்ளி எறிவார், வரும்போது பால்கேனில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவார். தன் வீட்டுக் குழாயை அவர் முகம் கழுவ மட்டும் பயன்படுத்தினார் என்று பேச்சு. காலையில் கேனோடு அவர் கடந்து போகும் நேரத்தில் டார்கஸின் சமையலறைத் திரை கொஞ்சம் விலகியிருக்கும். கடந்ததும் மூடிக்கொள்ளும்.

அந்த வருஷங்களில் டார்கஸ் கவுன்சிலில் நல்ல பேர் எடுத்தார். குப்பை வண்டி மாதம் ஒருமுறை வந்தது வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தது அவரால்தான். சாக்கடை, தெருவிளக்கு, வயதானவர்களுக்கு மாடிப்படி இல்லாத வீடு என்று ஒவ்வொன்றாக நின்று கேட்டு வாங்கினார். ஆனால் இன்னொரு வரிசை வீடுகளை மூடும் தீர்மானம் வேறொரு ஊருக்கு வந்தபோது, ஓட்டுப் போடுவதற்கு முந்தின வாரம் அவர் பஸ் பிடித்துப் போய், அங்கிருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வீட்டில் கதவை முகத்தில் அறைந்தார்களாம். அதற்குப் பிறகும் எல்லா ஊருக்கும் அப்படியே செய்தார்.

அறுபத்து மூன்றில் வந்த குளிரை எங்கள் தலைமுறையில் யாரும் மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து விழத் தொடங்கிய பனி மார்ச் வரை கரையவில்லை. பாதை மூடியது. ஜனவரி நடுவில் ஒரு காலை குழாயைத் திறந்தால் ஒரு முனகல் சத்தம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. தரைக்கடியில் குழாய் உறைந்து போயிருந்தது. எல்டர்பெக்கிலிருந்து தண்ணீர் வண்டி அனுப்பினார்கள். அது வரும் வழியிலேயே பனியில் சிக்கிக்கொண்டது. பனியை அள்ளி உருக்கிக் குடித்தோம். ஒரு பெரிய பானைப் பனி உருகினால் ஒரு கோப்பை தேநீர் கிடைக்கும். அதிலும் புகைக்கரி மிதக்கும்.

மூன்றாம் நாள் காலை என் வாசலில் பால்கேன் ஒன்று நின்றது. நிறையத் தண்ணீர். அடுத்த வீட்டிலும் அப்படியே. சுரங்கத்தின் ஆழத்திலிருந்து வரும் ஊற்று உறையவில்லை. ரூபன் ஆடுகளுக்கு வைக்கோல் இழுக்கும் சறுக்குப் பலகையில் கேன்களைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். கதவைத் தட்ட மாட்டார், நன்றி சொல்ல நிற்க மாட்டார். தெருவில் எல்லா வாசலிலும் வைத்தார். டார்கஸின் வாசலிலும் வைத்தார்.

டார்கஸ் அந்தக் கேனை வெகுநேரம் உள்ளே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். இரண்டு நாள் அப்படிப் போனது. அதற்கு மறுநாள், இறந்துபோன கணவரின் பூட்ஸைக் கந்தல் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, காலிக் கேனோடு என் வாசலில் வந்து நின்றார். மேலே போகிறேன், தனியாகப் போனால் விழுந்துவிடுவேன், கூட வா என்றார்.

மேல்வரிசை வரை இடுப்பளவு பனி. ரூபனின் சறுக்குப் பலகை போட்ட தடத்திலேயே ஏறினோம். கூரையில்லாத கடைசி வீட்டுக்குள் ரூபன் சின்னதாகத் தீ மூட்டிக் கெட்டில் வைத்திருந்தார். சுவர்கள் மட்டும் நின்றன. எங்களைப் பார்த்தார். கெட்டிலைப் பார்த்தார்.

"கோப்பை ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

டார்கஸ் வாசற்படியிலேயே நின்றார். வீட்டுக்காக என்னை மன்னிக்க முடியாதென்று தெரியும், மன்னிப்புக் கேட்க வரவில்லை, தண்ணீருக்கு நன்றி சொல்ல வந்தேன் என்ற மாதிரி ஏதோ ஆரம்பித்தார். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை வரவில்லை.

ரூபன் தீயைக் கிளறினார்.

"வீடா? வீட்டுக்கு என்ன புள்ள? அப்பா இருந்தப்பவே ஒழுகுன வீடு. ராத்திரி இருமி இருமித்தான் அந்த மனுசன் செத்தாரு. இதை மூடணும்னு எனக்குத் தெரியாதா? ஐவியை நானும்தான் தூக்கி வளத்தேன்." கிளறிய குச்சியைத் தீயில் போட்டார். "நீ வந்து சொல்லியிருக்கணும். சைக்கிள்காரன் வந்து சொன்னான்."

டார்கஸ் காலிக் கேனைக் கீழே வைத்தார்.

"வந்திருந்தா உன் மூஞ்சியப் பாத்திருப்பேன். பாத்திருந்தா கை தூக்கியிருக்க மாட்டேன், ரூபன்."

ரூபன் கெட்டிலை இறக்கிவைத்தார். நான் ஊற்றடிக்குப் போய் கேனை நிரப்புவது போல் நின்றேன். திரும்பி வந்தபோது ஒரே கோப்பையில் டார்கஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ரூபன் கெட்டில் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது டார்கஸை அந்தச் சறுக்குப் பலகையில் கேன்களுக்கு நடுவே உட்காரவைத்து ரூபன் மெதுவாக விட்டுக்கொண்டு வந்தார். ஜன்னல்களில் ஊரே நின்று பார்த்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்காமலிருப்பதும் ஒரு கலைதான்.

அதற்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ரூபன் தங்கை வீட்டுக்கு வரத் தொடங்கினார். ஒவ்வொரு வாரமும் குழம்பு தண்ணியாக இருக்கிறதென்று குறை சொல்வார். சமாதானம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

எழுபத்து நாலில் எங்கள் மாவட்டத்தையே ஒழித்துவிட்டார்கள். நாடு முழுக்க நடந்தது அது. எங்களை மட்டும் குறிவைத்ததல்ல. சின்னச் சின்ன மாவட்டங்களைக் கலைத்துப் பெரிதாகச் சேர்த்தார்கள். புதிய அலுவலகம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய நகரத்தில். ரூபன் செய்தித்தாளை மடித்துவிட்டு, "உன் வீட்டுக்கும் நோட்டீஸ் வந்துருச்சு போல" என்றார். டார்கஸுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் கூட்டம் மார்ச் மாதத்துப் பிற்பகல் ஒன்றில் நடந்தது. டெம்பெஸ்ட் இறந்து பல வருஷமாகியிருந்தது. அவருடைய மருமகன் தலைவர். கடைசித் தீர்மானம் ஒரு பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போடுவது பற்றியது. எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. யாரோ பிரார்த்தனை சொல்லலாம் என்றார்கள். இன்னொருவர் தேநீர் ஆறுகிறதென்றார். எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் தட்டச்சு இயந்திரத்துக்கு உறை மாட்டினேன். டார்கஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து, "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அன்று முன்வாசல் வழியாகத்தான் போனோம். ஒன்றுமில்லை, அந்தப் பக்கம்தான் பஸ் நிற்கும்.

புதிய கவுன்சிலுக்கு நிற்கச் சொல்லி அவரைக் கேட்டார்கள். நின்றார், தோற்றார். நகரத்து ஆட்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் யாரும் டார்கஸ் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. தோல்வி அவரை அதிகம் பாதித்ததாகத் தெரியவில்லை. முட்டிவலிதான் பாதித்தது. அடுத்த ஆண்டு ரூபன் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய ஆடுகளை விற்கும் நாளில் மட்டும் டார்கஸ் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஆனால் கோட்கில் ஆட்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சாக்கடை அடைத்தால், விளக்கு எரியாவிட்டால், டார்கஸ் கதவைத்தான் தட்டினார்கள். ஒரு காலை கீழ்த்தெருவிலிருந்து இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு வந்து, கூரை ஒழுகுவதாக முறையிட்டாள்.

"நான் இப்போ கவுன்சிலர் இல்லம்மா," என்றார் டார்கஸ். "அந்தக் கவுன்சிலே இப்ப இல்ல."

"அப்போ யாருகிட்ட சொல்றது?"

டார்கஸ் அவளை உட்கார வைத்து, எந்த அறை, எந்த மூலை, குழந்தை எங்கே படுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பஸ் எப்போது என்று என்னிடம் கேட்டார். இறக்கும்வரை, ஏழெட்டு வருஷம், அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார். புதிய அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலியை வரவேற்பறையில் போட்டுவைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். முட்டிவலிக்காரக் கிழவி, வந்தால் பதில் கிடைக்கும்வரை போக மாட்டாள் என்று.